இழையும் மாவும்: அரியாலை அடுக்களையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

உணவு பற்றிய ஆய்வு நமது வரலாற்றெழுத்தில் இன்னும் ஓரத்திலேயே நிற்கின்றது. சாசனங்களும் தோம்புகளும் கிடைத்த அளவுக்கு அடுக்களை பற்றிய ஆவணங்கள் கிடைக்காமை இதற்கு ஒரு காரணம். அன்றாடம் உண்பதை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்ளாத மனப்பாங்கு மற்றொரு காரணம். ஆயினும், ஒரு சமூகம் எந்த மாவைப் பிசைந்தது, அம்மாவை எங்கிருந்து பெற்றது, அதனைப் பக்குவப்படுத்துவதில் யாருடைய உழைப்புச் செலவாயிற்று என்னும் வினாக்கள் பொருளாதார வரலாற்றின் அடிப்படை வினாக்களேயாம். அவற்றை ஓர் எளிய உணவின் வாயிலாக நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்வுணவு, இறைச்சியும் மரக்கறியும் சேர்த்து விரைவிற் பிரட்டியெடுக்கப்படும் நூடில்ஸ் ஆகும். யாழ்ப்பாண நகரின் கிழக்கே, கண்டி வீதியை அடுத்து, பனங்கூடல்களும் வயல்களும் கடனீரேரியும் சூழ அமைந்த அரியாலையில் இன்று இது புதுமையான உணவன்று. மாலை வகுப்புக்குப் புறப்படும் பிள்ளைக்கும், வேலை முடிந்து வீடு திரும்புவோருக்கும் அரைமணி நேரத்துள் ஆக்கிக் கொடுக்கக் கூடியது என்பதே இதன் செல்வாக்குக்குக் காரணம். செய்முறையும் எளிது. நூடில்ஸைக் கொதிநீரிலிட்டு, முற்றாகக் குழையுமுன் வடித்து, சிறிது எண்ணெய் பூசி ஆறவிடுவர். கோழியிறைச்சியை மெல்லியதாக அரிந்து உப்பும் மிளகும் பிரட்டி வைப்பர். தாச்சி நன்கு காய்ந்தபின் முதலில் இறைச்சியை வதக்கி இறக்கி, அதே எண்ணெயில் வெங்காயம், பச்சைமிளகாய், கரட், லீக்ஸ், கோவா என்பவற்றை அவை வேகும் காலத்துக்கேற்ப ஒன்றன்பின் ஒன்றாக இடுவர். ஈற்றில் இறைச்சியும் நூடில்ஸும் சேர, இரண்டு மூன்று நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். எல்லாவற்றையும் முன்னரே அரிந்து வைத்துக்கொள்ளுதலும், தாச்சியை நிரப்பாது சிறிது சிறிதாக இடுதலுமே இதிலுள்ள நுட்பம். தாச்சி நிறைந்தால் வெப்பந் தணியும். மரக்கறி வதங்காது தன் நீரிலேயே அவியும்.

இவ்வுணவை நாகரிக மோகத்தால் வந்த அந்நிய உணவு என முதியோர் சிலர் குறைகூறுவர். இக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

நூடில்ஸின் தாயகம் சீனம் என்பதில் ஐயமில்லை. சிங்காய் மாகாணத்து லாஜியா என்னுமிடத்தில், கவிழ்ந்து கிடந்த கலமொன்றுள் ஏறத்தாழ 4000 ஆண்டுப் பழைமையான இழையுணவு காணப்பட்டதாக 2005 இல் அறிவிக்கப்பட்டது. அது எத்தானியத்தாலானது என்பது பற்றிப் பின்னர் கருத்து வேறுபாடு எழுந்தது. எனினும், மாவை இழையாக்கி உண்ணும் வழக்கம் நமக்குப் புதிதன்று. இடியப்பமும் இழையுணவே. இடி என்னுஞ் சொல்லுக்கு இடித்த மா என்றும் பொருளுண்டாதலின், இடித்த மாவாலான அப்பம் எனப் பெயர்ப்பொருள் கொள்ளுதல் பொருந்தும். சிங்களத்தில் இந்தி ஆப்ப எனவும், மலாய் நாட்டிற் புட்டு மாயம் எனவும் வழங்குவது இவ்வுணவே.

இரண்டுக்குமிடையிலுள்ள வேறுபாடு மாவின் இயல்பால் விளைந்தது. கோதுமை மாவை நீர்விட்டுப் பிசையும்போது அதிலுள்ள புரதம் இழுபடும் தன்மையுள்ள பசையமாக மாறுகின்றது. அதனாலேயே கோதுமை மாவை இழுத்தும் வெட்டியும் நெடிய இழையாக்கலாம். அரிசிமாவில் அப்பசையம் இல்லை. அதனை வறுத்தோ அவித்தோ, சூடான நீர்விட்டுக் குழைத்து, உரலின் துளைவழியே பிழிந்து, உடனே ஆவியில் வேகவைத்தாலன்றி இழை நில்லாது. முதல்நாள் இடியப்பம் மறுநாட் பிரட்டலுக்கு உகந்ததாவதற்கும் மாவின் இயல்பே காரணம். வெந்த மாச்சத்து ஆறியதும் இறுகுகின்றது. இழை உதிருமேயன்றிக் குழையாது. எஞ்சிய இடியப்பத்தை வெங்காயம், மிளகாய், முட்டை, முதல்நாள் இறைச்சிக்கறி என்பவற்றோடு தாச்சியிற் பிரட்டும் இடியப்பக் கொத்து இவ்வியல்பைப் பயன்கொண்டது. கொத்து ரொட்டி கிழக்கிலங்கை முஸ்லிம்களின் உணவுக்கடைகளிலே தோன்றியதெனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. அதன் முறையே இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் விரிந்தது.

சீன நூடில்ஸைத் தமிழர் தம் கைப்பாகத்துக்குள் கொணர்ந்த முதற்களங்களுள் மலாயாவும் சிங்கப்பூரும் குறிப்பிடத்தக்கவை. புகியன் மாகாணத்துச் சீனர் அங்கு கொண்டுவந்த மஞ்சள் மீயைத் தமிழ் முஸ்லிம் வணிகர் பன்றியிறைச்சி நீக்கி, ஆட்டிறைச்சியோ கோழியோ சேர்த்து, உருளைக்கிழங்கும் தக்காளியும் மிளகாய்க் கூட்டும் இட்டுப் பிரட்டினர். மீ கோரெங் எனும் அவ்வுணவின் பெயரில் மீ என்பது சீனச் சொல், கோரெங் என்பது பொரித்தலைக் குறிக்கும் மலாய்ச் சொல், பாகமோ தமிழருடையது. மலாயாவின் முதற் புகையிரதப் பாதை 1885 இல் திறக்கப்பட்ட காலந்தொட்டு, புகையிரத சேவையிலும் அரசாங்க எழுதுவினைஞர் சேவையிலும் யாழ்ப்பாணத்தவர் பலர் அங்கு பணியாற்றினர். ஓய்வுபெற்று மீண்டோர் மலாயன் பென்சனியர் எனப்பட்டனர். அவர்களது ஓய்வூதியம் இங்கு வீடுகளாகவும் காணிகளாகவும் மாறிற்று. யாழ்ப்பாண நகரின் மலாயன் கபே எனும் சைவ உணவகத்தின் பெயர் இன்றும் அத்தொடர்பை நினைவூட்டுகின்றது. ஆகவே, யாழ்ப்பாணத்தவருக்குக் கிழக்காசிய உலகம் அந்நியமாய் இருந்ததில்லை.

உண்மையான மாற்றம் இழையிலன்று, மாவிலேயே நிகழ்ந்தது. இலங்கையிற் கோதுமை விளைவதில்லை. குடாநாட்டு வயல்களும் மழையை நம்பி ஆண்டுக்கொரு போகமே விளைபவை. அரியாலை வயல்களும் அத்தகையனவே. எனவே வெளியரிசியும் குரக்கனும் ஒடியலும் வயலின் குறையை நிரப்பின. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இலங்கை தன் அரிசித் தேவையின் பெரும்பகுதியை இறக்குமதியாலேயே நிறைவுசெய்தது. 1942 இல் பர்மா யப்பானியர் வசமானதும் அவ்வழி அடைபட்டது. அரிசி பங்கீட்டுக்குள்ளாக, கோதுமை மா கூப்பன் கடைவழியே வீடுதோறும் நுழைந்தது. போர் முடிந்தும் அது நீங்கவில்லை. யாழ்ப்பாணப் பெண்கள் அந்நிய மாவை அவித்து அரித்துப் பிட்டாகவும் இடியப்பமாகவும் ஆக்கப் பழகினர். அவிப்பதால் பசையத்தின் இழுவை கெடும்; கோதுமை மா அரிசிமாவைப்போல் நடந்துகொள்ளும். வந்த மாவைத் தம் வடிவத்துக்குப் பணியவைத்த இந்நுட்பம் எந்த நூலிலும் பதிவாகாமலே பரவியது.

1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டின்போது பாணுக்காக விடியுமுன் வரிசையில் நின்ற தலைமுறை மரவள்ளியையும் நன்கறிந்தது. 1977 இற்குப் பின்னர் இறக்குமதி தளர்த்தப்பட்டது. 1980 இல் திருகோணமலையிற் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. தானியம் கப்பலில் வந்து, இங்கு மாவாகி, நாடெங்கும் பரவும் ஒழுங்கு நிலைபெற்றது. நெல் இடிக்கும் உலக்கையின் ஓசை குன்றியதும், பொதி செய்யப்பட்ட நூடில்ஸ் பெருகியதும் இவ்வொழுங்கின் விளைவுகளே.

விரைவு நூடில்ஸை 1958 ஓகஸ்ற் 25 இல் யப்பானிற் சந்தைக்குக் கொண்டுவந்தவர், தைவானிற் பிறந்த மொமொபுகு அந்தோ ஆவர். போரில் தோற்ற யப்பானுக்கு அமெரிக்கக் கோதுமை பெருவாரியாக வந்துகொண்டிருந்த சூழலில் அவர் முயற்சி தொடங்கியது. அவரது முறையில் இழை முதலில் ஆவியில் வேகும். பின்னர் எண்ணெயிற் பொரிபட்டு நீரை இழக்கும். நீர் வெளியேறிய நுண்துளைகளினூடாகச் சுடுநீர் மீண்டும் உட்புகுவதால் அது விரைவில் மென்மையாகின்றது. ஆவியில் வேகவைக்கும் முதற்படி இடியப்பத்துக்கும் உரியதென்பது கவனிக்கத்தக்கது. இடியப்பத்தில் அவ்வுழைப்பு அதிகாலையில் ஒரு பெண்ணின் தோள்மேல் விழுந்தது. நூடில்ஸில் அது ஆலைக்கு மாறியது. ஆதலின், அரைமணி நேரத்தில் ஆகும் உணவைப் பழிப்போர், அந்த நேரம் முன்னர் யாரிடமிருந்து எடுக்கப்பட்டதென எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அதேவேளை, ஆலையிடம் ஒப்படைத்த உழைப்புக்கு வேறொரு விலையும் உண்டு. அரியாலையை ஊடறுத்துச் செல்லும் கண்டி வீதியே ஏ-9 பாதையாகும். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நகர்ந்தபோது இவ்வூர் வழியாகவே நாவற்குழிப் பாலத்தை அடைந்தனர். 2006 ஓகஸ்ற்றில் அப்பாதை மூடப்பட்டபோது குடாநாட்டின் உணவு கப்பலை நம்பி நின்றது. 2022 இலோ, பாதைகள் திறந்திருந்தும் அந்நியச் செலாவணி இல்லாமையாலும் உக்ரேன் போராலும் கோதுமை மாவின் விலை பன்மடங்கு உயர்ந்தது. எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். தாச்சியைக் காயவைக்கும் நெருப்பும், அதிலிடும் மாவும் ஒரேவேளையில் அரிதாயின. 1942 இன் பாடம் எண்பது ஆண்டுகளின் பின்னர் மீளவும் உணர்த்தப்பட்டது.

இதுகாறும் கூறியவற்றால் இரண்டு முடிபுகள் பெறப்படும். ஒன்று, இழையுணவின் வடிவத்தால் நாம் அந்நியராகவில்லை. சீனத்து மீயும் நமது இடியப்பமும் ஒரே தாச்சியிற் பிரளத்தக்கவை. மற்றையது, மாவினால் நாம் சார்ந்திருப்போராயினோம். அச்சார்பு நெருக்கடி வருந்தோறும் வெளிப்படுகின்றது. எனவே விவாதிக்க வேண்டியது நூடில்ஸ் உண்பது பண்பாட்டுக்கு ஏற்றதா என்பதன்று. அவ்விழையை நம் வயலின் அரிசியாலும், பெண்களின் விடியற்காலையை மீண்டும் பறிக்காத வகையிலும் ஆக்க இயலுமா என்பதே வினா. விவசாயமும் பொறியியலும் கற்கும் நண்பர்கள் இவ்வினாவைத் தமதாக்கிக்கொள்வரெனின், அடுக்களையின் வரலாற்றை எழுதியதன் பயன் நிறைவேறும்.