மூன்று அற்புதங்கள்

சென்றகாலப் போக்கை அப்படியே நீட்டி வருங்காலமென்று கொள்வது பெருங் கம்பனிகளின் வழக்கம். ஷெல் எண்ணெய்க் கம்பனியும் 1960களில் அவ்வாறே கணக்கிட்டது. தேவை ஆண்டுதோறும் பெருகும், விலை பெரிதும் அசையாது என்ற நம்பிக்கையின்மீதே புதிய சுத்திகரிப்பு ஆலைகள் எழும்பின.

அக்கம்பனியின் இலண்டன் அலுவலகத்தில் இவ்வழக்கத்தை மாற்ற முனைந்தவர் பியேர் வாக் என்னும் பிரெஞ்சுக்காரர். ஒரே கணிப்பை நம்பாது, நடக்கக்கூடிய பல வருங்காலங்களை வரைந்து, ஒவ்வொன்றிலும் திட்டம் தாக்குப்பிடிக்குமா என்று சோதிப்பது அவர் கைக்கொண்ட முறை. அமெரிக்கரான ஹேர்மன் கான் அதற்கு முன்னோடி.

முதல் முயற்சி பயன் தரவில்லை. நிச்சயமற்றவை எவையென வாக் எடுத்துக்காட்டினார். அதிகாரிகள் கேட்டனர், தத்தம் வேலைக்குத் திரும்பினர். குற்றம் கேட்டவர்களுடையதன்று.

பின்னர் அவர் கேள்வியையே திருப்பிப் போட்டார். பழைய நம்பிக்கை மெய்யாவதற்கு எவையெல்லாம் நிகழவேண்டும்? மூன்று அற்புதங்கள் ஒருங்கே நிகழவேண்டும் என்பது விடை. புதிய எண்ணெய் வயல்கள் ஏராளமாக அகப்படவேண்டும். உற்பத்தி நாடுகள், பணம் மிகுந்திருந்தும், வாங்குவோர் விரும்பியவாறெல்லாம் எண்ணெயை இறைத்துத் தரவேண்டும். போரோ கடுங்குளிரோ குறுக்கிடலாகாது. இதைக் கேட்டபின் பழைய திட்டங்களை முன்போல் நம்புவது எளிதாயிருக்கவில்லை.

1973 ஒக்டோபரில் மத்திய கிழக்கில் போர் மூண்டது. ஏறக்குறைய 3 டொலராயிருந்த பீப்பாய் விலை 1974 ஜனவரியில் 11 டொலரைத் தாண்டியது. ஆலை விரிவுச் செலவை ஷெல் ஏனையோருக்கு முந்தித் தணித்தது. போர் மூளும் நாளை வாக் குறித்துச் சொன்னாரல்லர். அது அவர் நோக்கமுமன்று. 1985இல் எழுதிய கட்டுரைகளில், பயன் தராத அம்முதல் முயற்சியையும் அவரே விரிவாக எடுத்துரைத்தார்.