பார்த்தவர் ஒருவர், எழுதியவர் ஒருவர்

அமெரிக்காவில் இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில், மனநல நர்ஸ் பிராக்டிஷனர் (மேற்படிப்பும் தனிப் பயிற்சியும் பெற்ற செவிலியர்) ஒருவர் டாக்டரின் கையெழுத்துக்குக் காத்திராமல் நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கணித்து, மருந்தும் எழுதிக் கொடுக்கலாம். மனநல மருத்துவர்கள் போதவில்லை, கிராமப்புறப் பகுதிகள் பலவற்றில் ஒருவர்கூட இல்லை, அதனால் வந்த ஏற்பாடு இது என்பதுதான் வழக்கமான விளக்கம். அது பொய்யில்லை. ஆனால் இந்த உரிமை ஏன் குறிப்பிட்ட காலத்தில் வந்தது என்பதைத்தான் பற்றாக்குறை விளக்குகிறது. செவிலியரிடம் ஏன் போய்ச் சேர்ந்தது என்பதை விளக்கவில்லை. அதற்கு மனநோய் மருந்துகளின் எழுபதாண்டு வரலாற்றைத்தான் புரட்ட வேண்டும். மருந்தை எழுதுபவர் ஒருவர், அந்த மருந்து மனிதரை என்ன செய்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்ப்பவர் இன்னொருவர் என்ற பிரிவினையில் இந்த வைத்தியம் வளர்ந்தது. அதன் பெரிய தவறுகளில் பலவும் அந்த இடைவெளியில்தான் நேர்ந்தன. நல்ல மனநல நர்ஸ் பிராக்டிஷனர் மருந்தைக் கையாளும்போது காட்டும் நிதானத்தைக் குணநலம் என்று பாராட்டிவிட்டுப் போவது எளிது. உண்மையில் அது அந்தத் தவறுகள் கற்றுக்கொடுத்த பாடம்.

மருந்துகள் வருவதற்கு முன்பே அந்தப் பிரிவினை இருந்தது. 1882இல் பாஸ்டன் அருகே மெக்லீன் மனநோய் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அமெரிக்காவில் மனநோய் மருத்துவமனை ஒன்று நடத்திய முதல் பயிற்சிப் பள்ளி அது. 1913இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் செவிலியர் பள்ளி மனநலத்தைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. 1920இல் ஹாரியட் பெய்லி இத்துறைக்கென முதல் பாடநூலை எழுதினார். ஆனாலும் வார்டில் செவிலியரின் வேலை குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, இரவில் காவல் இருப்பது, கண்டதைக் குறித்துவைப்பது என்ற அளவிலேயே நின்றது. அந்தக் குறிப்புக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் டாக்டருடையது. அந்த எல்லை எவ்வளவு கறாரானது என்பதற்கு மனநலச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவின் நூலே சாட்சி. செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே ஒரு சிகிச்சைதான் என்று வாதிட்ட அந்த நூலை அவர் 1948இலேயே எழுதி முடித்துவிட்டார். டாக்டர் ஒருவரின் பெயர் உடன் ஆசிரியராக இல்லாமல் ஒரு நர்ஸ் புத்தகம் போடுவதா என்ற தயக்கத்தில் நான்கு ஆண்டுகள் கடந்தன. 1952இல்தான் அது அச்சேறியது.

அதே 1952இல் பாரிஸின் சாந்த்-ஆன் மருத்துவமனையில் ழான் டெலேயும் பியர் டெனிக்கரும் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டார்கள். 1954இல் அது தொராசின் என்ற பெயரில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. பெப்லா ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மனநலச் சிறப்புச் செவிலியரை உருவாக்குவதற்கான முதல் முதுநிலைப் பட்ட வகுப்பைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டாலும் ஓடிய வேகம் வேறு. 1955இல் அமெரிக்க மாநில மனநோய் மருத்துவமனைகளில் சுமார் 5,59,000 பேர் அடைபட்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் உறவை வளர்த்துச் சிகிச்சை தரும் அளவுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் இல்லை, மாத்திரை இருந்தது. கூச்சலும் கைகலப்பும் அடங்கின, பலர் வீடு திரும்பினார்கள். அந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் வாயைச் சப்புவது, நாக்கைத் துருத்துவது, விரல்கள் தாமாக நெளிவது என்று வேறொன்றும் தலைகாட்டியது. டார்டிவ் டிஸ்கைனீசியா எனப்படும் இந்த அசைவுக் கோளாறு, பலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் போகாது. 1957லேயே ஜெர்மனியில் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். இதை முறையாகச் சோதித்து எண்ணிக் குறிக்கும் அளவுகோல் அமெரிக்காவில் வந்ததோ 1976இல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் நோயாளிக்குத் தினமும் சோறு போட்டவர்கள் கண்ணில் இது படாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் அவர்கள் பார்த்ததைக் கொண்டு மருந்தின் அளவை மாற்றும் உரிமை அவர்களுக்கு இல்லை.

மனச்சோர்வு மருந்துகளின் கதையும் இப்படிப்பட்டதே. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த சீ வியூ காசநோய் மருத்துவமனையில் இப்ரோனியசிட் என்ற மருந்தைச் சோதித்தார்கள். படுக்கையோடு கிடந்தவர்கள் எழுந்து, பசித்துச் சாப்பிட்டு, கூடத்தில் ஆடினார்கள். அங்கே பணிபுரிந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினச் செவிலியர். வெள்ளையர் செய்ய மறுத்த வேலையை ஏற்றவர்கள். அந்த உற்சாகத்தை மருத்துவ உலகம் முதலில் ஒரு பக்கவிளைவாக ஒதுக்கியது. அது மனச்சோர்வுக்கான மருந்தாக மதிக்கப்பட 1957இல் மனநல மருத்துவர் நேதன் க்ளைன் எழுத வேண்டியிருந்தது. கல்லீரலைக் கெடுத்ததால் 1961இல் அமெரிக்காவில் அது விலக்கப்பட்டது. அதே வகையில் பின்னால் வந்த மருந்துகளைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குத் திடீரென ரத்த அழுத்தம் ஏறி மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்தது, காரணம் தெரியவில்லை. தன் மனைவிக்குப் பாலாடைக்கட்டி சாப்பிட்டபோதெல்லாம் இது வருவதைக் கவனித்து எழுதியவர் இங்கிலாந்தின் நாட்டிங்காமைச் சேர்ந்த மருந்தாளர் ஒருவர். அந்தக் கடிதத்தை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மருத்துவர் பேரி பிளாக்வெல்தான் பிறகு தொடர்ந்து ஆராய்ந்து 1963இல் உண்மையை நிறுவினார். மருந்தை எழுதியவர் கண்டுபிடிக்காததைச் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கண்டுபிடித்தார்.

பார்வையின் மதிப்பை லித்தியத்தின் வரலாறு இன்னும் கறாராகச் சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் அருகே ஜான் கேட் என்ற மருத்துவர் 1949இல் வெளியிட்ட கட்டுரை, பித்தெழுச்சி நோய்க்கு இந்த உப்பு பயன்படும் என்று காட்டியது. அவருடைய முதல் நோயாளி பல ஆண்டு நோய் தணிந்து வீட்டுக்கும் வேலைக்கும் திரும்பினார். மருந்தைத் தானாக நிறுத்தியதும் நோய் திரும்பியது. மறுபடி தொடங்கியபோது மருந்து ரத்தத்தில் நஞ்சாகி 1950இல் அவர் இறந்தார். கேட் தன் மருத்துவமனையில் அதன் பயன்பாட்டையே நிறுத்திவிட்டார். அதே காலத்தில் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்குச் சாப்பாட்டு உப்புக்கு மாற்றாக லித்தியம் விற்கப்பட்டு மரணங்கள் நேர்ந்ததால், அங்கே 1970 வரை அதற்கு மனநல மருந்தாக ஒப்புதல் கிடைக்கவில்லை. மருந்தைக் காப்பாற்றியது 1951இல் மெல்பர்னில் எட்வர்ட் ட்ராட்னர் குழு தொடங்கிவைத்த ரத்த அளவுச் சோதனை. லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருந்தால் பலன், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. வயிற்றுப்போக்கு, வாந்தி, உப்பில்லாப் பத்தியம், மூட்டுவலிக்கு வாங்கிப் போட்ட மாத்திரை என எதுவும் அந்த அளவை ஏற்றிவிடும். மருந்து அதே மருந்து, நோயாளியும் அதே நோயாளி. உயிர் பிழைப்பதும் போவதும் இடையில் யார் கேட்டார்கள், யார் சோதித்தார்கள் என்பதைப் பொறுத்தது.

இந்தப் பின்னணியில்தான் மருந்தெழுதும் பேனா கைமாறியது. 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். 1971இல் ஐடஹோ மாநிலம் நோயறிதலையும் சிகிச்சையையும் செவிலியரின் விரிந்த பணிக்குள் சட்டப்படி சேர்த்தது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாக, வெவ்வேறு நிபந்தனைகளோடு, பின்தொடர்ந்தன. மனநலத் துறையில் எதிர்ப்பு டாக்டர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. பெப்லாவின் வழியில் வந்த செவிலியர்களே தயங்கினார்கள். மருந்து எழுதத் தொடங்கினால் பேசிக் கேட்கும் நேரம் போய்விடும், நாமும் மாத்திரைக்காரர்கள் ஆகிவிடுவோம் என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சம் எவ்வளவு நியாயமானது என்பதைக் கட்டுரையின் முடிவில் பார்க்கலாம். இப்போதைக்கு, பார்த்தவரும் எழுதியவரும் ஒரே ஆளாக ஆனதும் மருந்து கொடுக்கும் முறை எப்படி மாறக்கூடும் என்பதைப் பார்ப்போம்.

நிதானமாக மருந்தெழுதும் செவிலியர் முதல் நாளே மாத்திரையைக் கையில் எடுப்பதில்லை. தூக்கம், குடி, தைராய்டு, ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள், வீட்டில் நடந்த இழப்பு என எல்லாவற்றையும் கேட்டு, சோர்வுக்கு வேறு காரணம் உண்டா என்று பார்க்கிறார். எழுதுவதென்றால் குறைந்த அளவில் தொடங்குகிறார். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்கிறார். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது என்பதால். எந்தத் தொல்லைக்காக இந்த மருந்து, எப்போது மீண்டும் பார்க்க வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் குறிக்கிறார். மனப்பிறழ்வு மருந்தைத் தொடங்கும் முன்பே நாக்கு, விரல், நடை மூன்றையும் சோதித்துக் குறிப்பது 1976ஆம் ஆண்டு அளவுகோலின் பயன். இடுப்பளவும் சர்க்கரையும் பார்ப்பது, புதிய மருந்துகள் நீரிழிவைக் கொண்டுவருவது கண்டு 2004இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் கூடி வகுத்த நெறியின் பயன். நிறுத்துவதிலும் இதே நிதானம். மார்க் ஹொரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் 2019இல் எழுதிய கட்டுரை இதற்குக் கணக்குக் கொடுத்தது. மனச்சோர்வு மருந்தான சிட்டலோப்ராம் 20 மில்லிகிராம் மூளையில் தன் இலக்கில் சுமார் 80 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறது. 9 மில்லிகிராமிலும் சுமார் 70 சதவீதம் பிடிபட்டே இருக்கிறது. ஆகவே பாதியாகக் குறைப்பது எளிது. கடைசிச் சில மில்லிகிராம்களை விடுவதுதான் கடினம். அவசரமாக நிறுத்தியதால் வந்த நடுக்கத்தையும் பதற்றத்தையும் நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து மீண்டும் மருந்தை ஏற்றியது பல ஆண்டு வழக்கம்.

இதற்கு வரும் முதல் மறுப்பு படிப்பைப் பற்றியது. மனநல மருத்துவர் நான்கு ஆண்டு மருத்துவக் கல்லூரியும் அதன்பின் நான்கு ஆண்டு மருத்துவமனைப் பயிற்சியும் முடித்து வருகிறார். நர்ஸ் பிராக்டிஷனருக்கு நீண்ட காலம் 500 மணி நேர நேரடிப் பயிற்சியே குறைந்தபட்சத் தேவையாக இருந்தது. 2022இல்தான் அதை 750 ஆக உயர்த்தச் சொன்னார்கள். இந்த வேறுபாட்டை மூடி மறைக்கத் தேவையில்லை. சிறுநீரகமும் இதயமும் சேர்ந்து கெட்ட நோயாளிக்கு மருந்தெழுத ஆழ்ந்த மருத்துவ அறிவு வேண்டும், அதை அனுபவத்தால் மட்டும் ஈடுகட்ட முடியாது. ஆனால் மேலே சொன்ன வரலாற்றில் பெரும்பிழைகள் செய்தவர்கள் படிப்புக் குறைந்தவர்கள் அல்லர். அவர்களிடம் குறைந்தது நோயாளியோடு இருந்த நேரம். ஆரம்ப சிகிச்சை மையங்களில் டாக்டருக்குப் பதில் செவிலியர் பார்த்த நோயாளிகள் பற்றி 2018இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, பலன் சமமாகவோ சற்று மேலாகவோ இருந்ததையும், செவிலியர் கூடுதல் நேரம் கொடுத்ததையும் காட்டியது. அது மனநலத் துறைக்கே உரிய ஆய்வு அல்ல. ஆனாலும் நேரம் என்பது அறிவுக்குத் துணையான ஒரு கருவி என்பதை அது உறுதிசெய்கிறது. ஆக, பயிற்சியைக் கூட்ட வேண்டும் என்பது சரி. உரிமையைப் பறிக்க வேண்டும் என்பது அதிலிருந்து வரும் முடிவல்ல.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. செவிலியரின் கண் அவ்வளவு நல்லதென்றால், வலுக்கட்டாயமாக ஊசி போட்ட கை யாருடையது? சுவிட்சர்லாந்தின் முன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் மருத்துவர் ரோலண்ட் கூன், மனச்சோர்வு மருந்தான இமிப்ரமினின் பயனைக் கண்டு 1957இல் வெளியிட்டார். அங்கே நடந்த மருந்துச் சோதனைகளுக்கு வார்டுச் செவிலியரின் அன்றாடக் குறிப்புகள் முக்கிய ஆதாரமாக இருந்தன. 2019இல் வெளிவந்த வரலாற்று ஆய்வு, பல பத்தாண்டுகள் நீண்ட அந்தச் சோதனைகள் பெரும்பாலும் நோயாளிகளின் முறையான சம்மதமின்றி நடந்ததைக் காட்டியது. கண் திறந்திருந்தும் வாய் மூடியிருந்தது. இது என் வாதத்தை உடைக்கவில்லை, திருத்துகிறது. பார்ப்பவர் கையில் பேனா இருந்தால் மட்டும் போதாது. பார்க்கப்படுபவருக்கும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை வேண்டும். அமெரிக்காவில் அந்த உரிமை டாக்டராலும் வரவில்லை, செவிலியராலும் வரவில்லை. 1978இல் நியூஜெர்சியிலும் 1979இல் பாஸ்டனிலும் நோயாளிகள் தொடுத்த வழக்குகளால் வந்தது. நோயாளியின் சம்மதத்தைக் கேட்டுப் பெறும் செவிலியரின் பழக்கத்துக்கு அந்தத் தீர்ப்புகளும் மூலம்.

மருந்தெழுதினால் பேசிக் கேட்கும் நேரம் போய்விடும் என்ற மூன்றாவது மறுப்பைப் பெப்லாவின் வழியில் வந்தவர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள். அதற்கு முழுமையான பதில் இல்லை. கோவிட் காலத்தில் அமெரிக்காவில் பெருகிய இணையவழி மனநல நிறுவனங்களில் சில, நர்ஸ் பிராக்டிஷனர்களை அமர்த்திக் குறுகிய நேரக் காணொளிப் பேச்சிலேயே கவனக்குறைவுக் கோளாறுக்கான ஊக்க மருந்துகளை எழுதவைத்ததாக விசாரணைக்கு உள்ளாயின. பேனா செவிலியரிடம்தான் இருந்தது. பார்க்கும் நேரத்தைப் பறித்துக்கொண்டால் அந்தப் பேனாவும் பழைய தவறுகளையே எழுதும் என்பதற்கு இது போதும்.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலச் செவிலியரைத் தனியாக வரையறுத்து அங்கீகரிக்கிறது; மருந்தெழுதும் உரிமையோ இன்றும் டாக்டரிடமே இருக்கிறது. இங்கேயும் மனநல மருத்துவர்கள் போதாத நிலையில், அந்த உரிமையைப் பகிர வேண்டும் என்ற பேச்சு ஒரு நாள் வலுப்பெறும். அப்போது பட்டங்களை மட்டும் எடைபோட்டு முடிவெடுக்கக் கூடாது. ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம், மறுபடி பார்ப்பது எத்தனை நாளில், பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொல்வது கேஸ் ஷீட்டில் ஏறுமா, நோயாளி மறுத்தால் அதற்கு மதிப்பு உண்டா என்ற கேள்விகளுக்கு விடை எழுதிவைத்த பிறகே சட்டம் எழுதப்பட வேண்டும். இவற்றுக்கு விடை இல்லாத இடத்தில் பேனா யார் கையில் இருந்தாலும் நோயாளிக்குப் பாதுகாப்பில்லை.