பழைய மடிக்கணினியில் லினக்ஸ்: நிறுவும் முன் சோதித்துப் பார்ப்பது எப்படி?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், ஏற்கப்பட்ட செயலி ஆகியவை தேவை. இவை இல்லாத மடிக்கணினி நன்றாக ஓடினாலும், பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இல்லாமல் அதை இணையத்தில் பயன்படுத்துவது ஆபத்து. பிள்ளைகளின் படிப்புக்குப் புதியது வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கு லினக்ஸ் ஒரு மாற்றுவழி.

லினக்ஸ் என்பது என்ன?

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய திட்டம் இது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் லினக்ஸ் அடிப்படையிலேயே இயங்குகின்றன. கணினிக்கான லினக்ஸ் பல வகைப்படும். விண்டோஸ் பழகியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் எளிது. அது இலவசம். 4 ஜிபி நினைவகம் இருந்தால் போதும்.

சோதிக்கும் முறை

1. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கோப்புகள் அழிந்துவிடும்.

2. லினக்ஸ் மின்ட்டின் அதிகாரத்துவ இணையத்தளத்தில் ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்குங்கள். அளவு ஏறக்குறைய 3 ஜிபி.

3. ரூஃபஸ் செயலி மூலம் அதைப் பென்டிரைவில் ஏற்றுங்கள்.

4. பென்டிரைவைச் செருகி, கணினியை மறுதொடக்கம் செய்து, எஃப்12, எஃப்2 அல்லது எஸ்கேப் விசையை அழுத்துங்கள். விசை கணினிக்குக் கணினி மாறும். வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

திரையில் தெரியும் 'இன்ஸ்டால்' படத்தைச் சொடுக்காதவரை விண்டோஸ் அப்படியே இருக்கும். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் வேகம் சற்றுக் குறைவாக இருக்கும்.

எவற்றைச் சோதிக்க வேண்டும்?

வைஃபை, ஒலி, கேமரா, அச்சுப்பொறி ஆகியவை வேலை செய்கின்றனவா எனப் பாருங்கள். பள்ளிப் பாடங்களுக்கான டெலிமா தளத்தை உலாவியில் திறந்து பாருங்கள். ஐபஸ் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்யலாம்.

வேர்டு, எக்செல் கோப்புகளை லிப்ரே ஆபிஸ் திறக்கும். ஆனால் பக்க அமைப்பு சில வேளைகளில் மாறலாம். ஃபோட்டோஷாப்பும் சில இணைய விளையாட்டுகளும் நேரடியாக இயங்கா. அவை கட்டாயம் தேவைப்படுவோர் அவசரப்பட வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் நிறுவுங்கள். அதற்கு முன் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் நகலெடுத்து, பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புக் குறியீட்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.