கம்பம் பள்ளத்தாக்கில் அத்துமீறல் சட்டங்கள்

மேகமலைக்கும் ஏலமலைத் தொடருக்கும் இடையே கிடக்கும் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில், ஆடுமாடுகள் பிறர் நிலத்திலும் காட்டிலும் புகுவதையும் வேட்டைக்காரர் வனத்தில் பிரவேசிப்பதையும் இருவேறு சட்ட மரபுகள் கட்டுப்படுத்தி வந்திருக்கின்றன. ஒன்று 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம். மற்றொன்று 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தில் தொடங்கி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இறுகியது.

முன்னது பயிர்க்காரருக்கும் மாட்டுக்காரருக்கும் இடையே எழும் வழக்கைத் தீர்ப்பது. விளைச்சலில் வாய்வைத்த மாட்டைப் பிடித்தவர் 24 மணி நேரத்துக்குள் அதைக் கொண்டித் தொழுவாகிய பவுண்டுக்கு அனுப்பிவிட வேண்டும். உடையவர் அபராதமும் தீனிச் செலவும் கட்டி ஓட்டிச் செல்லலாம். மூலச் சட்டத்தின் விகிதப்படி யானைக்கு 2 ரூபாய், எருமைக்கு 8 அணா, பசுவுக்கும் காளைக்கும் 4 அணா, கன்றுக்கு 2 அணா, ஆட்டுக்கு 1 அணா. 7 நாளில் எவரும் கேட்டு வராவிட்டால், தமுக்கடித்து அறிவித்து, மேலும் 7 நாள் பொறுத்த பின்னரே ஏலம் போடலாம். அநியாயமாகப் பிடித்துவிட்டார்கள் என்று கருதும் உடையவர் 10 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் பிராது கொடுத்து நஷ்டஈடு பெறவும் சட்டம் இடம் வைத்தது. பயிரின் நஷ்டத்தையும் மாட்டின் பாத்தியதையையும் ஒருசேர மதித்த இந்நியாயம் வனச் சட்டத்தில் காணக் கிடைப்பதில்லை.

வனச் சட்டமோ காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைதல், மேய்த்தல், விதிகளை மீறி வேட்டையாடுதல், கண்ணி வைத்தல் ஆகிய யாவற்றையும் குற்றங்களாக ஒரே வரிசையில் நிறுத்தியது. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்த மேய்ச்சல் சீட்டே மந்தைக்காரரின் ஜீவனோபாயத்துக்கு ஆதாரமாயிற்று. பெரியாற்று நீர் 1895-க்குப் பின் மலையைக் குடைந்து இறங்கி நன்செய் பெருகிய இப்பள்ளத்தாக்கில், மலைமாடுகளுக்கு மலைச்சரிவை விட்டால் போக்கிடம் இல்லை. கம்பத்துக் காப்பிலியர் சமூகத்தார் பேணும் தெய்வ மந்தையை 1906-இல் பிரான்சிஸ் எழுதிய மதுரை கெசட்டியர் விசேஷமாகக் குறித்திருக்கிறது. கூட்டத்தின் முன் வைத்த கரும்பை முதலில் வந்து தின்னும் காளைக்கே தலைமைப் பட்டம் என்பது அம்மந்தையின் மரபு.

வேட்டைக்கு இருந்த இடம் மேய்ச்சலுக்கு இருந்ததைவிட விரைவாகச் சுருங்கியது. உரிமச் சீட்டின் பேரில் நடந்த வேட்டையை 1972-ஆம் ஆண்டின் சட்டம் ஒடுக்கியது; 1991-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் அது அடியோடு நின்றது. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதே குற்றம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமையாக ஏற்றபோதும், வேட்டையைப் பெயர் சொல்லியே விலக்கியது.

ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு மார்ச் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடைசெய்து, பின்பு அத்தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்தியது. புலி வாழக் காடு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தலைமுறைப் பாத்தியதையை விசாரித்து முடிக்குமுன் மந்தையை மறிப்பது அநீதியே. வன உரிமைச் சட்டப்படி அவ்விசாரணைக்குரிய முதல் இடம் கிராம சபை. பழங்குடியல்லாத மேய்ப்பர் 2005 டிசம்பர் 13-க்கு முந்திய மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, வனத்தை அண்டி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அரசாங்கப் பதிவேடுகளோடு, ஊர்ப் பெரியவர்கள் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலமும் அதற்குச் சாட்சியமாக ஏற்கப்படும்.