வாசல் எந்தப் பக்கம்?

திண்டுக்கல்லிலிருந்து மதுரைச் சாலையில் போனால் சின்னாளபட்டி வரும். அதை ஒட்டினாற்போல் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய இடம். சௌந்தரம் டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். 1962இல் திண்டுக்கல் எம்.பி.யாகி மத்திய கல்வித் துணை அமைச்சரும் ஆனவர். சின்னாளபட்டியில் சின்ன அளவில் ஆரம்பித்த தாய்சேய் சிகிச்சைதான் இன்றைய கஸ்தூரிபா மருத்துவமனை. 1956இல் வந்த கிராமியக் கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது.

இவ்வளவு பெரிய தொண்டு, தன்னைப் பற்றிய செய்தியை ஊர்களுக்கு எப்படிக் கொண்டுபோனது? நடந்துதான். 1959இல் ஆத்தூர் வட்டாரத்தில் தொடங்கிய சுகாதாரத் திட்டம், களப்பணியாளர்களையும் ஊரில் சொல்வாக்கு உள்ளவர்களையும் நம்பி நடந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அங்கே பிறப்பு விகிதம் குறைந்தது. இந்தியக் குடும்பநல வரலாற்றில் 'ஆத்தூர் அனுபவம்' என்றே அதற்குப் பெயர்.

எந்தத் தொண்டு நிறுவனத்துக்கும் இன்னொரு செய்திப் பாதையும் உண்டு. ஆண்டறிக்கை, திட்ட முன்மொழிவு, தணிக்கைக் கணக்கு. இது டெல்லிக்கும் வெளிநாட்டு நன்கொடையாளருக்கும் ஆங்கிலத்தில் போகும். ஊருக்குத் தமிழில் வாய்ச்சொல், வெளியே ஆங்கிலத்தில் காகிதம். இணையம் வந்தபோது அதில் ஏறியது எது? காகிதம்தான். இன்றைக்கும் பல தொண்டு நிறுவன இணையதளங்கள், பக்கம் பக்கமாகப் பிரித்துப் போட்ட ஆண்டறிக்கைகளாகவே இருக்கின்றன.

அதற்கு அன்றைக்கு ஒரு நியாயமும் இருந்தது. தொண்ணூறுகளில் தமிழ்ப் பக்கம் ஒன்றை வாசிக்க அதற்கான எழுத்துருவை முதலில் இறக்கவேண்டும். ஒருவர் எழுத்துருவில் அடித்தது இன்னொருவர் திரையில் கிறுக்கலாகத் தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999இல் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடியது. 2010இல் தமிழக அரசே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அந்தத் தடை போய் ரொம்ப நாளாச்சு. ஆங்கில முகப்பு மட்டும் பல இடங்களில் அப்படியே நிற்கிறது.

வேறு வழியும் இருந்தது என்பதற்குப் புதுச்சேரி சாட்சி. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. கணினியை இறக்குவதற்கு முன்னால் ஊர்க்காரர்களிடம், 'உங்களுக்கு என்ன தெரியணும்?' என்று கேட்டார்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்குத் தேவைப்பட்டது கடல் நிலவரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்த அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். திண்டுக்கல் பக்கம் கன்னிவாடியிலும் அதே நிறுவனம் ரெட்டியார்சத்திரம் விதை உற்பத்தியாளர் சங்கத்தோடு சேர்ந்து விவசாயிகளுக்காக வேலை செய்தது.

2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தி கேட்டு ஊருக்குப் போன் செய்தார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கி அலறியது. சுமார் 3,600 பேர் கொண்ட ஊர் தப்பியது. அங்கே உயிரைக் காப்பாற்றியது கணினிகூட இல்லை. ஊரைப் பார்த்துத் திருப்பி வைத்த ஒரு குழாய்.

தொண்டு நிறுவன இணையதளத்தை மேம்படுத்துவது என்றால் அந்தக் குழாயைத் திருப்புவதுதான். என்னைப் போல மென்பொருள் வேலை பார்ப்பவர்களிடம் பெரும்பாலும் கேட்கப்படுவது ஓடும் படங்கள், நிறுவனர் செய்தி, பெரிய நன்கொடைப் பொத்தான். வேடசந்தூர் பக்கத்து ஊரில் நிறைமாதமாக இருக்கும் பெண்ணின் வீட்டில் ஒரு மலிவான செல்போன் இருக்கிறது. அவளுக்கு வேண்டியது வேறு: எந்தக் கிழமை டாக்டர் இருப்பார், எத்தனை மணிக்குச் சீட்டு கொடுப்பார்கள், என்ன காகிதம் கொண்டுபோகணும், எந்த பஸ், யாருக்குப் போன் செய்யணும். இது முதல் திரையிலேயே தமிழில் இருக்கவேண்டும். படமாக அல்ல, எழுத்தாக. போன் எண்ணைத் தொட்டால் அழைப்பு போகவேண்டும். கிழமை மாறினால் அன்றைக்கே திருத்த, அலுவலகத்தில் ஒருவருக்குப் பொறுப்பு வேண்டும்.

நன்கொடை இல்லாமல் மருத்துவமனை எப்படி நடக்கும் என்று கேட்கலாம். சரியான கேள்விதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்ட விதிகளே தணிக்கைக் கணக்கை இணையத்தில் வைக்கச் சொல்கின்றன. அது இருக்கட்டும், இரண்டாம் பக்கத்தில். புறநோயாளி நேரத்தைச் சரியாகப் போட்டு, மாறும்போதெல்லாம் திருத்துகிற இடத்தில் வேலை நடக்கிறது என்பது பணம் கொடுக்கிறவருக்கும் புரியும். சிரிக்கும் குழந்தையின் படத்தைவிட அது நம்பகமான சான்று.

ஆத்தூர் ஊர்களில் நடந்தவர்கள் தங்கள் நிறுவனத்தின் வரலாற்றைச் சொல்லவா கதவைத் தட்டியிருப்பார்கள்? எந்த நாள் எங்கே வரணும் என்பதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள்.