பாதிப் பெயர்

எதிரணியின் சூரன் அடிபட்டு விழுந்தால் உள்ளூர மகிழ்வது கால்பந்து ரசிகனின் பழைய வியாதி. எனக்கும் அது உண்டு. ஆனால் அந்த வியாதி தோற்ற நாளும் ஒன்று உண்டு.

2021 ஜூன் 12. கோபன்ஹேகனில் ஐரோப்பியக் கோப்பைப் பந்தயம்; டென்மார்க்கும் பின்லாந்தும் மோதின. இத்தகைய பெரிய பந்தயத்தில் பின்லாந்துக்கு அதுவே முதல் ஆட்டம். இடைவேளைக்குச் சற்று முன்பு டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன், யாரும் இடிக்காமலே, இதயம் நின்று சாய்ந்தார். மைதானத்திலேயே வைத்தியர்கள் உயிரை மீட்டார்கள். தோழர்கள் சுற்றி நின்று மறைத்தார்கள். அந்த மறைப்புக்குப் பின்லாந்தின் கொடிகளும் உதவின.

அவரைத் தூக்கிச் சென்றபின் ஜனங்கள் கலையவில்லை, செய்திக்காகக் காத்திருந்தார்கள். அப்போது பின்லாந்து ரசிகர்கள் "கிறிஸ்டியன்!" என்று முழங்க, டென்மார்க் ரசிகர்கள் "எரிக்சன்!" என்று பதில் கொடுத்தார்கள். பாதிப் பெயர் இவர்களுடையது, பாதி அவர்களுடையது!

அன்றிரவே ஆட்டம் தொடர்ந்தது. பின்லாந்து 1-0 என வென்றது. கோல் போட்ட பொயன்பாலோ அதைக் கொண்டாடவில்லை. எரிக்சனோ மார்பில் ஒரு கருவியுடன் 2022இல் ஆட வந்துவிட்டார்.

பின்லாந்துக்காரர்கள் காத்திருந்த முதல் வெற்றி அது. ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்குக் கோல் கணக்கு நினைவுக்கு வருவதில்லை; எதிராளியின் பெயரைக் கூவிய குரல்தான் காதில் ஒலிக்கிறது.