வேஷம் கட்டினவர்கள்

ராஜா ராணி காதல் கதை என்றால் நம்ம சனங்களுக்கும் கொள்ளை ஆசைதான். அதில் தப்பொன்றும் இல்லை. எம்.ஏ. படிக்கிற காலத்தில் கல்கியை ராத்திரி பூராவும் வாசித்தவன்தான் நானும். ஆனால் வடசேரியில் இருந்துகொண்டு வாசிக்க வேண்டிய ராஜா கதை வேறொன்று உண்டு. சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா', 1891-ல் வந்த மலையாளத்தின் முதல் சரித்திர நாவல். அதில் வரும் பத்மநாபபுரத்துக்கு நம்ம ஊர் பஸ்ஸே போகும்.

வாரிசுச் சண்டை, எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் சூழ்ச்சி, நடுவில் அனந்தபத்மநாபன், பாருக்குட்டி காதல். இரண்டு பேரும் பெரிய வீட்டுப் பிள்ளைகள். அவன் செத்துப்போனான் என்று ஊர் நம்புகிறது. இவள் காத்துக் கிடக்கிறாள். ராஜாவின் மகன் தம்பி இவளைக் கட்டத் துடிக்கிறான். கடைசியில் எல்லாம் சுபம், கல்யாணம்.

செத்துப்போனவன் நாடு பூரா எப்படி நடமாடினான் என்பதுதான் நான் கேட்பது. பித்துப்பிடித்த சாணானாக! நாடார்களை அன்று அப்படித்தான் அழைத்தார்கள். அந்த வேஷம் ஏன் பலித்தது? சாணானை, அதுவும் பைத்தியக்காரனை, எந்தத் தறவாட்டுக்காரன் முகத்தைப் பார்த்துப் பேசினான்? தீண்டாமைதான் அங்கே கதாநாயகனின் கவசம். வேலை முடிந்ததும் கழற்றிப் போட்டுவிட்டு மாப்பிள்ளையாகிவிடுகிறான். வாசகரும் ரசிக்கிறார், அழகான உத்தி என்று.

இதே நாட்டில்தான் சாணார்ப் பெண்கள் மாரை மறைத்ததற்கு அடி வாங்கினார்கள், துணியைக் கிழித்தார்கள். 1859-ல் அரசு இறங்கி வந்து ஆணை போட்டது. அதிலும் ஒரு கொக்கி. மறைத்துக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது. நாவல் வந்தது அதற்கு 32 வருஷம் கழித்து. உசந்தவன் தாழ்ந்தவனாக வேஷம் கட்டலாம், கலைக்கலாம். கீழே இருக்கிறவள் மேலே உள்ளவளைப் போலத் துணி உடுத்துவதுகூடக் குற்றம்.

நாடார்கள் பின்னால் மேலேறிவிட்டார்கள், அது தனிக்கதை. இந்த நாவலைச் சினிமாவாக எடுத்தவரே நாகர்கோவில்காரரான ஆர். சுந்தர்ராஜ்தான், 1933-ல். அவருக்கு உறவினர் ஜே.சி. டேனியல். கேரளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' எடுத்தவர். அது வெளியான வருஷத்தை 1928 என்றும் 1930 என்றும் சொல்வார்கள்.

வடசேரியில் சிவப்புக்கல் பதித்த கோயில் நகை செய்கிறார்கள். சாமிக்கும் போடலாம், நாட்டியக்காரிக்கும் போடலாம். ராணி வேஷத்துக்கு வேண்டியது எல்லாம் இங்கேயே கிடைக்கும். போட்டுக்கொள்ள யாருக்கு உரிமை என்பதுதான் பாக்கி. டேனியல் தன் படத்தில் சரோஜினி என்ற நாயர் பெண்ணாக நடிக்க பி.கே. ரோஸியைக் கூட்டிவந்தார். ரோஸி தலித் பெண், காக்காரிசி நாடகத்தில் ஆடிப் பாடியவர். திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் முதல் காட்சி. புலைச்சி நாயர் பெண்ணாக நடிப்பதா என்று திரையில் கல்லெறிந்தார்கள். அவர் குடிசைக்குத் தீ வைத்தார்கள். அனந்தபத்மநாபனின் வேஷத்துக்குக் கைதட்டு, ரோஸியின் வேஷத்துக்குத் தீ.

ரோஸி லாரி ஏறித் தப்பினார். அந்த லாரி ஓட்டுநரான கேசவ பிள்ளையைக் கட்டிக்கொண்டு, ராஜம்மாள் என்ற பெயரில், நம்ம நாகர்கோவிலில்தான் மிச்ச காலத்தைக் கழித்தார். அப்புறம் நடிக்கவே இல்லை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைமார் வீட்டு ராஜம்மாளாக வாழ்ந்தது பின்னே என்னவாம்? கலைக்கவே முடியாத வேஷம் அது. கலைத்தால் மறுபடியும் தீதான்.

சந்தையில் நம்ம பாட்டிமாருக்குப் பக்கத்தில் நின்று மீன் வாங்கியிருப்பார். யாருக்குத் தெரியும்?

'மார்த்தாண்டவர்மா' படத்தின் மேல் நாவலின் உரிமை வைத்திருந்த கமலாலயா புத்தகக் கடை வழக்குப் போட்டது. பிரதி கடைக்காரர்கள் கைக்குப் போனதால் தப்பித்து, இன்று புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 'விகதகுமாரன்' ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை.